‘தூங்கினால் சரியாகிவிடும்’ என்று விட்ட இரவுகள்: அமெரிக்க ஃபிரட்டர்னிட்டி, சொரோரிட்டிகளில் மாணவர் பாதுகாப்பு

கேள்வி: மகன் இந்த ஆகஸ்டில் அமெரிக்காவில் கல்லூரி முதலாண்டு சேர்கிறான். ஃபிரட்டர்னிட்டியில் சேரப்போவதாகச் சொல்கிறான். அவனுடைய அக்கா ஏற்கெனவே ஒரு சொரோரிட்டியில் பொறுப்பில் இருக்கிறாள். செய்திகளைப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சேர்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும்? பொறுப்பில் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும்?

பதில்:

ஒரேயடியாக ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் தடுத்தால் அவன் சேர்வது நிற்காது. உங்களிடம் சொல்வது நின்றுபோகும். இந்த விவகாரத்தில் உயிர் போன கதைகளை அடுக்கிப் பார்த்தால், குடித்த அளவு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம், யாரும் யாருக்கும் சொல்லாமல் கழிந்த மணிநேரங்கள். நான் கீழே எழுதுவதில் பெரும்பகுதி அந்த நேரத்தைக் குறைப்பது பற்றியதுதான்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1825-ல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் தொடங்கிய காப்பா ஆல்ஃபா சொசைட்டியிலிருந்து கிளைத்து வளர்ந்த மாணவர் சங்க மரபு இது. ஆண்களுக்கு ஃபிரட்டர்னிட்டி, பெண்களுக்கு சொரோரிட்டி. பெயர்கள் கிரேக்க எழுத்துகளில் இருக்கும். தலைமை அமைப்பை ‘நேஷனல்’ என்பார்கள், ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ள கிளையை ‘சாப்டர்’ என்பார்கள். ஆள் சேர்க்கும் பருவம் ‘ரஷ்’. பிடித்துப்போனால் ‘பிட்’ என்ற அழைப்பு வரும். பிட்டை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து முழு உறுப்பினர் ஆகும்வரை அந்தப் பையன் ‘பிளெட்ஜ்’. இப்போது கொஞ்சம் நாசூக்காக ‘நியூ மெம்பர்’ என்கிறார்கள். அவனுக்கென ஒரு மூத்தவரை ஒதுக்குவார்கள்; அவர் ‘பிக்’, இவன் ‘லிட்டில்’. பிட் வாங்கிய இரவுக்கும் உறுப்பினர் ஆகும் சடங்குக்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில்தான் ஆபத்து குவிந்து கிடக்கிறது. அந்த வாரங்களில் நடக்கும் கொடுமைக்குப் பெயர் ஹேஸிங்.

நம்மூர் ராகிங்தானே என்று நினைத்துவிட வேண்டாம். 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொலையானதும், 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்ததும் பலருக்கு நினைவிருக்கும். ராகிங்கில் ஜூனியர் மாட்டிக்கொள்கிறான். ஹேஸிங்கில் அவனே விரும்பிப் போய் வரிசையில் நிற்கிறான், வேண்டுமானால் எழுந்து போகலாம் என்றும் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒரு மாதமாகப் பழகிய நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து போவதற்கு எத்தனை பதினெட்டு வயதுப் பையன்களுக்கு மனம் வரும்? அதனால்தான், ‘அவன் விருப்பப்பட்டுத்தானே குடித்தான்’ என்ற வாதத்துக்கு இடமில்லாதபடி, 2024 டிசம்பர் 23-ல் கையெழுத்தான கல்லூரி வளாக ஹேஸிங் தடுப்புக்கான கூட்டாட்சிச் சட்டம், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பதைப் பொருட்படுத்தாமல் ஹேஸிங்கை வரையறுக்கிறது. 53 கல்லூரிகளில் 11,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. குழு, அணி, சங்கம் எதிலாவது இருந்தவர்களில் 55 சதவீதம் பேர் ஹேஸிங்கை அனுபவித்திருந்தார்கள். ஆனால் அனுபவித்த பத்துப் பேரில் ஒன்பது பேர் அதை ஹேஸிங் என்றே நினைக்கவில்லை. நினைத்தவர்களிலும் 95 சதவீதம் பேர் கல்லூரியிடம் சொல்லவில்லை. ஆகவே உங்கள் மகனிடம் ‘ஹேஸிங் நடக்கிறதா?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘நேற்று ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாய்? ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார்களா? எங்கே கூட்டிப்போனார்கள்?’ என்று கேளுங்கள். பதில் வரும்.

இனி அந்த இரவுகள். 2017 பிப்ரவரி, பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகம், பீட்டா தீட்டா பை ஃபிரட்டர்னிட்டியின் வீடு, பிட்டை ஏற்ற இரவு. 82 நிமிடத்தில் 18 மதுபானங்கள் குடித்த மாணவர் நிலவறைப் படிக்கட்டில் தலைகுப்புற விழுந்தார். ஏறக்குறைய 12 மணிநேரம் கழித்துத்தான் ஆம்புலன்ஸை அழைத்தார்கள். மண்டையோட்டில் முறிவு, கிழிந்த மண்ணீரல். அதே ஆண்டு செப்டம்பரில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஃபை டெல்டா தீட்டாவின் ‘கேள்வி பதில்’ இரவு: அமைப்பைப் பற்றிய கேள்விக்குத் தப்பாகச் சொன்னால் ஒரு மடக்கு மது. சோபாவில் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள். அவருடைய ரத்தத்தில் ஆல்கஹால் 0.495 சதவீதம் இருந்தது. அந்த நவம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட். 2021 பிப்ரவரியில் வர்ஜீனியா காமன்வெல்த், மார்ச்சில் ஒஹாயோவின் போலிங் கிரீன், அக்டோபரில் மிசூரி. கடைசி நான்குமே பிக் யார், லிட்டில் யார் என்று அறிவிக்கும் இரவுகள். நான்கிலும் லிட்டிலின் கையில் ஒரு முழுப் பாட்டில். வர்ஜீனியாவில் சோபாவில் கிடத்தினார்கள். போலிங் கிரீனில் அறையில் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் போனார்கள். மிசூரியில் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்காமல் தங்கள் காரிலேயே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார்கள். போய்ச் சேர்ந்தபோது இதயம் நின்றிருந்தது. இவர்களில் அந்த மாணவர் மட்டும் உயிரோடு இருக்கிறார், ஆனால் பார்வையும் நடையும் போய்விட்டன.

பாட்டில் கைக்கு வரும் இரவுகள் இரண்டு மூன்றுதான். அவை முன்கூட்டியே நாட்காட்டியில் இருக்கும். பிட் இரவு, பிக்–லிட்டில் இரவு, சடங்குக்கு முந்தைய வாரம். இந்தத் தேதிகளை மகனிடம் கேட்டு நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும், வராவிட்டால் அறைத்தோழனை அழைப்பீர்கள் என்று பேசிவையுங்கள்.

இப்போது கணக்கு. அமெரிக்காவில் ஒரு ‘டிரிங்க்’ என்பது 14 கிராம் தூய ஆல்கஹால். 5 சதவீத பீரானால் 355 மில்லி, 12 சதவீத வைனானால் 148 மில்லி, 40 சதவீத விஸ்கி, வோட்காவானால் 44 மில்லி. டாஸ்மாக் அளவில் சொன்னால் ஒரு குவார்ட்டர் கிட்டத்தட்ட நாலு டிரிங்க். ஒரு ஃபுல், அதாவது 750 மில்லி பாட்டில், 17 டிரிங்க். 70 கிலோ எடையுள்ள பையன் அதை ஒரு மணிநேரத்துக்குள் முடித்தால் ரத்த ஆல்கஹால் 0.40-ஐத் தாண்டும். வண்டி ஓட்டும் சட்ட வரம்பே பெரும்பாலான மாநிலங்களில் 0.08 தான். 0.30-க்கு மேல் போனால் மூச்சை இயக்கும் மூளைப்பகுதி மந்தமாகத் தொடங்கலாம். உடல் ஒரு மணிநேரத்துக்கு வெளியேற்றுவது சுமார் 0.015 மட்டுமே. 0.36-ல் இருப்பவர் பூஜ்யத்துக்கு வர ஒரு முழு நாள் ஆகும். காபி, குளிர்ந்த நீர்க் குளியல், கன்னத்தில் அறை எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

எல்லோரும் ஏமாறுகிற இடம் இன்னொன்று. கடைசி மடக்கோடு அளவு நின்றுவிடுவதில்லை. வயிற்றிலும் குடலிலும் கிடப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். பதினொன்றரைக்கு உளறிக்கொண்டிருந்தவனைப் ‘பேசுகிறானே, பரவாயில்லை’ என்று படுக்கவைத்தால், பன்னிரண்டரைக்கு அவன் நிலை அதைவிட மோசமாக இருக்கும். வாந்தி வந்தால் தொண்டையின் அனிச்சை மரத்துப்போயிருக்கும். வந்தது மூச்சுக்குழாய்க்குள் போகும். மல்லாந்து புரளாமலிருக்க முதுகில் புத்தகப் பையை மாட்டிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. பென்சில்வேனியா வழக்கிலும் அதைச் செய்திருந்தார்கள். ஒருவனுக்குப் பை மாட்ட வேண்டிய நிலை என்றால் அது ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய நிலை. ஃபிரட்டர்னிட்டிகளில் எந்தப் பயிற்சி நடத்தினாலும் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்ய வைப்பேன்.

கூப்பிட வேண்டிய அடையாளங்கள்: உலுக்கினாலும் தோளைக் கிள்ளினாலும் விழிக்கவில்லை, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக மூச்சு விடுகிறார், அல்லது இரண்டு மூச்சுக்கு இடையே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, தோல் சில்லென்று ஈரமாக இருக்கிறது, உதடோ நகமோ நீலம் பாய்கிறது, கருத்த தோலானால் உள்உதட்டையும் ஈறையும் பாருங்கள், நினைவில்லாமல் வாந்தி, வலிப்பு, தலையில் அடி. இதில் ஒன்று இருந்தாலே போதும், எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குடித்தவர் விழுந்திருந்தால் அடையாளமே தேவையில்லை. மயக்கம் குடியாலா தலைக்காயத்தாலா என்று வீட்டில் இருப்பவர்களால் பிரித்துச் சொல்ல முடியாது.

911-ஐ அழைத்ததும் முதலில் முகவரியைச் சொல்ல வேண்டும். இங்கேதான் பலரும் திணறுவார்கள். வீட்டை எல்லோரும் கிரேக்க எழுத்தால்தான் அறிவார்கள், கதவு எண் யாருக்கும் தெரியாது. தெருப்பெயரும் எண்ணும் ஃபோனில் பதிந்திருக்கட்டும். அந்த வீட்டின் சமையலறை, நிலவறை, மாடிச் சுவர்களிலும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கட்டும். பிறகு: ஒருவர் நினைவிழந்திருக்கிறார், நிமிடத்துக்கு இத்தனை மூச்சு, இன்னது குடித்தார், ஏறக்குறைய இவ்வளவு, மாத்திரை ஏதாவது எடுத்தாரா. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்: உங்கள் பக்கமிருக்கும் கையை உடலுக்குச் செங்குத்தாக நீட்டி, மறு கையின் புறங்கையைக் கன்னத்தடியில் கொடுத்து, தூரத்து முழங்காலை மடக்கி உங்கள் பக்கம் இழுத்தால் உடல் தானே புரளும். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து வாய் தரையை நோக்க விடுங்கள். விழுந்தவராக இருந்து கழுத்தில் அடிபட்டிருக்கும் என்று தோன்றினால் அசைக்காமல் 911-ல் கேட்டுச் செய்யுங்கள். ஒருவர் விலகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ண வேண்டும், இன்னொருவர் வாசல் கதவைத் திறந்து தெருவில் நிற்க வேண்டும். மூச்சே இல்லையென்றால் மார்பின் நடுவில் குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் அழுத்தத் தொடங்குங்கள். எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள், விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் கூப்பிடுவதில்லை? அமெரிக்காவில் 21 வயதுக்குக் கீழே குடிப்பது சட்டவிரோதம். போலீஸ் வரும், சாப்டரை மூடுவார்கள், நேஷனலுக்குத் தெரியும். அந்தப் பயம்தான் 12 மணிநேரத்தைத் தின்றது. அதைப் போக்கத்தான் பல மாநிலங்களில் மருத்துவ உதவிக்கு அழைப்பவருக்குப் பாதுகாப்பு தரும் சட்டங்கள் வந்தன. பல்கலைக்கழகங்களில் கார்னெல் 2002 வாக்கிலேயே இதைத் தொடங்கிவிட்டது. ஃபுளோரிடாவின் 2019 சட்டம், ஹேஸிங் நடந்த இடத்திலிருந்து முதலில் உதவிக்கு அழைத்தவரை வழக்கிலிருந்து விலக்குகிறது. பென்சில்வேனியாவின் 2018 சட்டத்திலும் அப்படி ஒரு பிரிவு உண்டு. பொதுவாக நிபந்தனை இதுதான்: உண்மைப் பெயர் சொல்ல வேண்டும், உதவி வரும்வரை கூடவே இருக்க வேண்டும், வந்தவர்களோடு ஒத்துழைக்க வேண்டும். அழைத்துவிட்டு ஓடினால் பாதுகாப்பு இல்லை. மறுபக்கம் தண்டனையும் கூடியிருக்கிறது. லூசியானாவில் ஹேஸிங்கால் மரணமோ குறைந்தது 0.30 ரத்த ஆல்கஹாலோ ஏற்பட்டால் ஐந்தாண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம்.

எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. குடித்து வண்டி ஓட்டிக் கைதானால் தீர்ப்பு வரும் முன்பே விசா ரத்தாகலாம். 2015 முதல் தூதரகங்கள் அப்படிச் செய்துவருகின்றன. ஆகையால் ‘நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன்’ என்பது நோயாளிக்கும் ஓட்டுபவருக்கும் சேர்ந்தே கெடுதல்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு, அதாவது உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு. விதிகளுக்குப் பஞ்சமில்லை. 1987 முதலே காப்பீட்டை மையமாக வைத்து விதிகள் எழுதப்பட்டு வந்தன. 1909-ல் தொடங்கிய வட அமெரிக்க ஃபிரட்டர்னிட்டிக் கூட்டமைப்பு, 15 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவை 2019 செப்டம்பர் முதல் சாப்டர் வீடுகளில் தடை செய்தது. உரிமம் பெற்ற வெளியாள் பரிமாறினால் மட்டும் விலக்கு. ஃபை டெல்டா தீட்டா 2000-லேயே தன் வீடுகளில் மதுவைத் தடை செய்த அமைப்பு. லூசியானாவில் 2017-ல் என்ன நடந்தது என்று மேலே படித்தீர்கள். காகிதத்தில் தடை இருந்தால் குடி நிற்பதில்லை, மாடி அறைக்கோ வெளியே எடுத்த வாடகை வீட்டுக்கோ நகர்கிறது. போதாக்குறைக்கு, தடையை மீறிய குற்றமும் சேர்வதால் கூப்பிடும் பயம் கூடுகிறது. தடை கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைச் செயல்படுத்த வீட்டில் ஒரு பெரியவர் இல்லாமல் தடை போடுவது வீண் வேலை.

உண்மையில் பலன் தருவது கதவிலிருந்து தொடங்குகிறது. ஒரே நுழைவாயில். விருந்தினர் பட்டியல் முந்தைய நாளே மூடப்பட வேண்டும். ஓர் உறுப்பினருக்கு மூன்று விருந்தினருக்கு மேல் கூடாது, தீயணைப்புத் துறை அனுமதித்த ஆள் எண்ணிக்கையையும் தாண்டக் கூடாது. 21 வயதானவர்களுக்குக் கைப்பட்டை. மது அவரவர் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும், ஆறு பீருக்கு மேல் உள்ளே விடக் கூடாது, அதையும் ஓரிடத்தில் வாங்கி வைத்து அட்டையில் துளையிட்டுத் தர வேண்டும். பெரிய வாளியில் கலக்கிய ‘ஜங்கிள் ஜூஸ்’ இருக்கவே கூடாது. அதில் எத்தனை டிரிங்க் இருக்கிறது என்று கலக்கியவனுக்கே தெரியாது, பழச்சாறு காரத்தை மறைத்துவிடும்.

குடிக்காமல் காவல் இருப்பவர்களை ‘சோபர் மானிட்டர்’ என்பார்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த வேலையைக் கடைநிலை ஆளின் தலையில் கட்டுவார்கள். பதினெட்டு வயது நியூ மெம்பர், சாப்டர் தலைவரின் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்குவானா? அதனால் மானிட்டர்களில் பாதிப் பேராவது நிர்வாகிகளாக இருக்கட்டும். 20, 25 பேருக்கு ஒருவர் என்று வையுங்கள். வாசல், நிலவறை, படிக்கட்டு, கழிவறைப் பக்கம் என இடம் பிரித்து, ஒரே நிறச் சட்டை போட்டு, நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். யாரிடமும் கேட்காமல் 911-ஐ அழைக்கவும் இசையை நிறுத்தவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்பதை விருந்துக்கு முன் எல்லோர் முன்னிலையிலும் தலைவர் சொல்ல வேண்டும். ‘முதலில் தலைவரிடம் சொல்லுங்கள்’ என்ற விதி இருக்கும் வீட்டில்தான் நேரம் கரையும். பிக்–லிட்டில் இரவை மதுவே இல்லாமல், பகலில், வெளியிடத்தில் வைத்துக்கொள்ளலாம். மதிய உணவு, டிரெக்கிங், எதுவானாலும் சரி. ஒரு சாப்டர் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யும் என்றால் நான் கேட்பது இதைத்தான்.

நிர்வாகிகளுக்குப் பணக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். விதியை மீறி நடந்த நிகழ்ச்சிக்கு நேஷனலின் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். அப்போது தலைவர், பொருளாளர், நியூ மெம்பர் பொறுப்பாளர் ஆகியோர் தனிப்பட்ட முறையில் வழக்கை எதிர்கொள்வார்கள். பெற்றோரின் வீட்டுக் காப்பீடுவரை இழுக்கப்பட்ட வழக்குகள் உண்டு.

மது இல்லாத ஹேஸிங் பாதுகாப்பானது என்பது இன்னொரு தப்புக்கணக்கு. 2005-ல் கலிஃபோர்னியாவின் சிக்கோவில், குளிர்ந்த நிலவறையில் உடற்பயிற்சி செய்யவைத்து ஜாடி ஜாடியாகத் தண்ணீர் குடிக்க வைத்ததில் ஒரு மாணவர் இறந்தார். சிறுநீரகத்தால் ஒரு மணிநேரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் வெளியேற்ற முடியாது. மிஞ்சுவது ரத்தத்தின் சோடியத்தை நீர்க்கச் செய்யும், மூளை வீங்கும், வலிப்பு வரும். பார்ப்பவருக்குப் போதை மாதிரியே தெரியும். நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழச் சொல்வதில் தசை நார்கள் சிதையும். அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் கோகோ கோலா நிறத்தில் போனால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் செயலிழக்கலாம்.

‘நம்ம ஆளுங்க சங்கம்தானே’ என்று நம்புகிற பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தெற்காசிய ஃபிரட்டர்னிட்டி, சொரோரிட்டிகள் தொண்ணூறுகளில் தோன்றின: பிங்ஹாம்டனில் 1994-ல் அயோட்டா நூ டெல்டா, ஹூஸ்டனில் 1998-ல் டெல்டா ஃபை ஒமேகா. நம் பிள்ளைகள் பலரும் இவற்றில் சேர்கிறார்கள். பெயரைக் கேட்டதும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம், பயப்படவும் வேண்டாம். மற்றவர்களிடம் கேட்கும் அதே கேள்விகளை இவர்களிடமும் கேளுங்கள். 2013 டிசம்பரில், நியூயார்க்கின் பரூக் கல்லூரி மாணவர் ஒருவர், ஆசிய அமெரிக்க ஃபிரட்டர்னிட்டியான பை டெல்டா சை பென்சில்வேனியாவில் நடத்திய சடங்கில், கண்ணைக் கட்டி, மணல் நிரப்பிய பையை முதுகில் மாட்டி, ஆட்கள் மோதித் தள்ளியதில் இறந்தார். அங்கே மது காரணமில்லை. ஆனால் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதைத் தாமதித்தது அங்கேயும் நடந்தது. அந்த அமைப்பு பத்தாண்டுகள் பென்சில்வேனியாவில் இயங்க 2018-ல் நீதிமன்றம் தடை விதித்தது.

பெண்கள் பக்கம் ஆபத்தின் வடிவம் வேறு. சொரோரிட்டி வீடுகளில் பெரும்பாலும் மதுவுக்கு அனுமதி இல்லை. எனவே விருந்து என்றால் ஆண்களின் வீடு, ஆண்களின் மது, வெளியேறும் வழியும் அவர்கள் கையில். கல்லூரி தொடங்கும் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரையிலான மாதங்களில் பாலியல் வன்முறை மிகுதி என்பதால் அதை ‘சிவப்புக் காலம்’ என்கிறார்கள். மகளின் சொரோரிட்டி செய்யக்கூடியது: ஒவ்வொரு விருந்துக்கும் தங்கள் தரப்பில் குடிக்காத இருவர்; வந்தவர்கள் எல்லோரும் கிளம்பியாயிற்றா என்று தலையெண்ணிப் பார்ப்பது; விருந்து நடக்கும் வீட்டில் படுக்கையறை மாடி பூட்டியிருக்க வேண்டும் என்பதை அழைப்பை ஏற்கும் நிபந்தனையாகவே வைப்பது. கோப்பையில் ஏதோ கலந்தார்கள் என்ற சந்தேகம் வந்தால் முதல் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்து வைக்க வேண்டும், சில மருந்துகள் 12 மணிநேரத்தில் தடயமில்லாமல் போய்விடும். வன்முறை நடந்திருந்தால், முடிந்தவரை குளிக்காமல், உடுத்திய துணியைக் காகிதப் பையில் போட்டு மருத்துவமனைக்குப் போகலாம். தடய மருத்துவப் பரிசோதனை பெரும்பாலான இடங்களில் 120 மணிநேரம் வரை செய்வார்கள், கட்டணம் கிடையாது, போலீஸில் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணிநேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

வீட்டையே கொஞ்சம் பாருங்கள். 1996 மே 12, அன்னையர் தினத்தன்று, சாப்பல் ஹில்லில் ஃபை காமா டெல்டா வீடு எரிந்து ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். நிலவறையில் சரியாக அணைக்காத சிகரெட்தான் மூலம். அதன்பின் அந்த ஊர் எல்லா ஃபிரட்டர்னிட்டி, சொரோரிட்டி வீடுகளிலும் தானியங்கித் தெளிப்பானைக் கட்டாயமாக்கியது. உங்கள் மகன் குடியேறப்போகும் வீட்டில் தெளிப்பான் இருக்கிறதா, நிலவறைக்கு இரண்டாவது வழி இருக்கிறதா, புகை எச்சரிப்பானைப் பிளாஸ்டிக் பையால் மூடியிருக்கிறார்களா என்று உள்ளே நுழைந்ததும் பாருங்கள். கல்லூரி ஆண்டுதோறும் வெளியிடும் தீப் பாதுகாப்பு அறிக்கை வளாகத்துக்குள் இருக்கும் விடுதிகளுக்கு மட்டுமே. தெருவில் தனியாருக்குச் சொந்தமான ஃபிரட்டர்னிட்டி வீடு அதில் வராது. மாடியில் படுக்கை ஜன்னலை ஒட்டி இருந்தால் நகர்த்துங்கள். ஜன்னலிலிருந்தும் கூரையிலிருந்தும் விழுவது இந்த வீடுகளில் பழகிப்போன விபத்து.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. பரீட்சை நேரத்தில் நண்பனிடம் வாங்கும் ஆடரால் (கவனம் கூட்டுவது), சேனக்ஸ் (பதற்றம் தணிப்பது) மாத்திரைக்குள், மிகச் சிறு அளவிலேயே மூச்சை நிறுத்தக்கூடிய ஃபென்டனில் இருக்கலாம், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதை முறிக்கும் மருந்தான நலாக்சோன் 4 மில்லிகிராம் மூக்குத் தெளிப்பு 2023 முதல் மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் இரண்டு, பூட்டாத பெட்டியில் இருக்க வேண்டும். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி மூச்சு அடங்கினால் ஒரு நாசியில் ஒன்று அடித்து 911-ஐ அழையுங்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றமில்லை என்றால் மறு நாசியில் அடுத்தது. மதுவால் வந்த மயக்கத்துக்கு அது பயன்படாது, கொடுத்தாலும் கேடில்லை.

தடுப்பூசியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரே கோப்பை, ஒரே வேப், நெருக்கடியான நிலவறை என்றால் மூளையுறை அழற்சிக் கிருமிக்குக் கொண்டாட்டம். 2013-ல் பிரின்ஸ்டனில் பரவியது ‘பி’ வகை. அமெரிக்காவில் அப்போது அதற்கு உரிமம் பெற்ற தடுப்பூசியே இல்லாததால் தனி அனுமதியோடு வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். கல்லூரிப் படிவம் பெரும்பாலும் கேட்பது ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கான ஊசியை. அது ‘பி’ வகையைத் தடுக்காது, தனியாகக் கேட்டுத்தான் போட வேண்டும். வழக்கமான முறையில் இரண்டு டோஸுக்கு இடையே ஆறு மாதம் வேண்டும். ஆகஸ்டில் சேர்பவன் பிப்ரவரியில் தொடங்கியிருக்க வேண்டும். தாமதமாகிவிட்டால் மூன்று டோஸ் கொண்ட விரைவு முறையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைப்பும், கண்ணாடி டம்ளரை அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகளும் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

சேரும் முன் எங்கே விசாரிப்பது? மேலே சொன்ன 2024 கூட்டாட்சிச் சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியும் ஹேஸிங் வெளிப்படைத்தன்மை அறிக்கையைத் தன் இணையதளத்தில் போட வேண்டும், முதல் அறிக்கைக்குக் கெடு 2025 டிசம்பர் 23, அதன்பின் ஆண்டுக்கு இருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். எந்த அமைப்பு, என்ன மீறல், எப்போது நடந்தது, விசாரணை எப்போது முடிந்தது, என்ன நடவடிக்கை என எல்லாம் அதில் இருக்கும். ஓர் ஓட்டை உண்டு: கல்லூரி அங்கீகரித்த அமைப்புகள் மட்டுமே அந்த அறிக்கையில் வரும். அங்கீகாரம் பறிபோன சாப்டர் வேறு பெயரில் வெளியே வீடெடுத்து ஆள் சேர்த்தால் அங்கே பெயரைத் தேடினாலும் கிடைக்காது. எனவே அறிக்கையில் பெயர் இல்லாததை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாமல், ஃபிரட்டர்னிட்டி, சொரோரிட்டிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கிரீக் லைஃப் அலுவலகத்துக்கு எழுதி அந்த சாப்டர் இன்று அங்கீகாரத்தோடு இருக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். நியூ மெம்பர் காலம் எத்தனை வாரம், நாள்வாரி நிகழ்ச்சிநிரல் கிடைக்குமா, வீட்டில் பெரியவர் யாராவது தங்கியிருக்கிறாரா என்று சாப்டரிடம் கேளுங்கள். ‘அது ரகசியம்’ என்று நிகழ்ச்சிநிரலுக்குப் பதில் வந்தால், சடங்கின் சொற்கள் ரகசியமாக இருக்கலாம், நேரமும் இடமும் ஏன் ரகசியம் என்று திருப்பிக் கேட்கலாம்.

விலக வேண்டும் என்றால் நேரில் போய்ச் சொல்லத் தேவையில்லை, போகவும் கூடாது. நியூ மெம்பர் பொறுப்பாளருக்கும் தலைவருக்கும் இரண்டு வரி மின்னஞ்சல், கிரீக் லைஃப் அலுவலகத்துக்கு நகல், அவ்வளவுதான். அதை அனுப்பும் முன்பே குழு மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். விலகிய மறுநிமிடம் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். பல ஃபிரட்டர்னிட்டி, சொரோரிட்டிகள் சேர்ந்து நடத்தும் ஹேஸிங் புகார் எண் 1-888-668-4293. பெயர் சொல்லாமலே பேசலாம். ஆனால் அது குரலைப் பதிந்து அந்தந்தத் தலைமையகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு மட்டுமே, அந்த இரவில் அங்கிருந்து யாரும் வர மாட்டார்கள். மனம் உடைந்து பேச வேண்டும் என்றால் 988. எவ்வளவு குடித்தான், என்ன செய்வது என்று நினைவோடு இருப்பவரைப் பற்றி ஆலோசனை கேட்க நச்சு உதவி எண் 1-800-222-1222, இருபத்திநாலு மணிநேரமும் எடுப்பார்கள். நினைவில்லாதவருக்கு 911 மட்டும்.